பகலில் விழிக்கும் கேமரா இரவில் உறங்கலாமா?

குமுளியில் ஏலக்காய்க் கடை நடத்தும் நம் அன்பர் ஒருவர், "பகலில் படம் தெளிவாக வருகிறது, இருட்டினால் கேமரா விட்டுவிட்டு நின்றுபோகிறது" என்று வருந்தினார். புதுக் கேமரா வாங்கவும் துணிந்துவிட்டார்.

பழுது கேமராவில் இல்லை. இருட்டியதும் அதிலுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் மின்னோட்டம் கூடுகிறது. அடாப்டர் தரும் 12 வோல்ட், நீண்ட மெல்லிய ஒயரில் வழியிலேயே குறைந்துவிடுகிறது. ரயில்வேயில் நாங்கள் பலமுறை கண்ட கோளாறுதான்!

இரவில், கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் தடித்த ஒயர் போடுங்கள். அல்லது அடாப்டரைக் கேமராவுக்கு அருகே மாற்றுங்கள்.

புதிதாகப் பொருத்துவோருக்கு ஒரு வார்த்தை: திருடன் வருவது பெரும்பாலும் இரவில். ஆகவே இரவுப் படத்தையும் பார்த்த பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள்.