கொம்பு முன்னாடியா... பின்னாடியா?

பழவேற்காட்டுக்கு வரும் டூரிஸ்ட் ஆசாமிகள் முதலில் வழி கேட்பது டச்சுக் கல்லறைக்குத்தான். பதினேழாம் நூற்றாண்டில் இங்கே கோட்டை கட்டி வியாபாரம் பண்ணிய டச்சுக்காரர்கள், வாசலில் எலும்புக்கூடு செதுக்கி, உள்ளே கல் கல்லாய் என்னவோ எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்துவிட்டு நானும் என் கிளாஸ்மேட்டும் அந்தப் பக்கம்தான் சுற்றுவோம். (பெயர் வேண்டாம். ‘நம்மாளு’ என்று வைத்துக்கொள்வோம்.)

‘‘இன்னாடா எழுதிக்கீது?’’ என்றான் ஒருநாள்.

‘‘எவனுக்குத் தெரியும்?’’

‘‘எனக்குத் தமிழ் புக்கும் இப்படித்தான்டா கீது!’’

ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஜோக் இல்லை என்று புரிய இருபத்தைந்து வருஷம் ஆனது.

கிளாஸில் நம்மாளுக்குப் பெஞ்ச் முள்ளாய்க் குத்தும். ஐந்து நிமிஷம் உட்கார மாட்டான். ஜன்னலில் காக்கா வந்தால் காக்கா, வராந்தாவில் மணி அடித்தால் மணி. போர்டு மட்டும் கண்ணில் படாது. வாத்தியார் ‘தோணி’ எழுதச் சொன்னால் ‘தேணி’ என்று எழுதுவான். ‘‘தோணியில பொறந்தவனுக்குத் தோணி எழுத வரலை’’ என்று கிளாஸே கொல்லென்று சிரிக்கும். ‘‘நீ வலை இழுக்கத்தான்டா லாயக்கு’’ என்று சார் பிரம்பை எடுப்பார். எட்டாவதோடு நம்மாளு நின்றுவிட்டான்.

அவனுக்கு இருந்தது டிஸ்லெக்ஸியா. கூடவே, கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. (பெயரைக் கேட்டால் இங்கிலீஷ் படத்து வில்லன்கள் மாதிரி இருக்கிறதல்லவா? இரண்டும் ஜோடியாக வருவது சகஜம்.) கண்ணில் கோளாறு இல்லை, புத்தியிலும் குறைவில்லை. காதில் விழும் ஒலியையும் கண்ணில் படும் எழுத்தையும் முடிச்சுப் போடுகிற வேலை மூளைக்குள் சுலபமாக நடப்பதில்லை, அவ்வளவுதான். 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், இங்கிலாந்தின் சீஃபோர்ட் என்ற கடலோர ஊர்ப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். பதினாலு வயசு. ‘பெர்ஸி’ என்ற சொந்தப் பெயரையே எழுத்து மாற்றி ‘ப்ரெஸி’ என்று எழுதினானாம். பாடமெல்லாம் வாய்வழியாக மட்டும் நடந்தால் இவன்தான் ஸ்கூலிலேயே கெட்டிக்காரன் என்று அவன் வாத்தியார் சொன்னதையும் டாக்டர் குறித்து வைத்திருக்கிறார். நம்ம சார் அதைப் படித்திருக்க நியாயமில்லை!

நம்ம தமிழும் லேசுப்பட்டதல்ல, சார். ‘தோ’ என்று சொல்லும்போது முதலில் வருவது ‘த்’. எழுதும்போதோ முதலில் கொம்பு, அப்புறம் த, கடைசியில் கால்! ஒரே ஒலிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ல-ள-ழவும் ன-ண-நவும் தனிக் கச்சேரி. ஆபீஸில் டிராஃப்ட் எழுதும் நமக்கே அடிக்கடி உதைக்கிறது. நம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் ஏரியில் இறங்கினால் ஆளே வேறு. இங்கே ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்தக் குழு, எந்த நாள், ஏரியில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்தக் கணக்கு முழுக்க நம்மாளுக்கு மனப்பாடம். நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் கடைசியில் அவனைத்தான் கேட்பார்கள்.

‘அப்புறமென்ன, கடல் தாய் காப்பாற்றுவாள்’ என்று சினிமா வசனம் பேசலாம். ஆனால் முகத்துவாரம் மணல் மேவித் தூர்ந்துபோனால் ஏரிக்குக் கடல் தண்ணீர் வராது, இறாலும் வராது. வலை இழுப்பது மட்டுமே லாயக்கு என்று ஒருவனைத் தள்ளிவிட்ட பிறகு, வலையில் ஒன்றும் விழாத நாளில் அவன் எங்கே போவான்?

இப்போது அவன் மகனுக்குப் பதிமூன்று வயசு. எட்டாவது. அதே ‘தேணி’. (இது குடும்ப வழியாகவும் வரும்.) தமிழ்நாட்டில் எட்டாவது வரை ஃபெயில் கிடையாது என்பதால் தட்டுத் தடுமாறாமல் ஏறி வந்துவிட்டான். அடுத்த வருஷம் ஒன்பதாவது. போன மாசம் ஊருக்குப் போனபோது நம்மாளு மெதுவாகக் கேட்டான்: ‘‘இவனையும் தோணியில ஏத்திடவா மச்சான்?’’

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பிரம்படி வாங்கிய காலத்திலேயே, 1991-ல், அறுபது கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆரம்பித்துவிட்டார்கள். 2007-ல் அமீர்கான் ‘தாரே ஜமீன் பர்’ எடுத்து ஊரையே அழவைத்தார். (எல்லாப் பையனும் அதில் வருவதுபோல ஓவியனாகிவிடுவதில்லை என்பது வேறு விஷயம்.) 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைப் பட்டியலில் சேர்த்தது. ஏ.டி.எச்.டி.க்கு அதில் தனி இடம் கிடையாது. பத்தாவது பரீட்சையில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன.

இதையெல்லாம் சொன்னேன். எழுத்தை மணலில் விரலால் பெரிசாக எழுதவைத்து, கூடவே வாய்விட்டுச் சொல்லவைத்தால் மனசில் நிற்கும், அப்படித்தான் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

‘‘மணலா? அது ஒண்ணுதான்டா இங்க பஞ்சமில்லாம கீது!’’ என்று சிரித்தான். அன்றைக்குச் சாயங்காலமே பையனைக் கரைக்குக் கூட்டிப்போனோம். ஒரு ‘தோ’ ஆறடி நீளத்துக்கு! கொம்பில் ஆரம்பித்துக் காலில் முடிப்பதற்குள் பையன் இரண்டு தரம் நண்டு பிடிக்க ஓடிவிட்டான். மூன்றாம் தரம் முடித்தான்.

ஆனால் சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு டெஸ்ட் வேண்டும். டெஸ்டுக்கு முன்னால், தகப்பன் ஒரு ஃபாரம் பூர்த்தி செய்ய வேண்டும். பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்று நிரூபிக்க, படிக்க வராத அப்பன் ஃபாரம் நிரப்ப வேண்டும்!

நேற்று ராத்திரி வாட்ஸ்-அப்பில் அவன் குரல். நம்மாளு டைப் அடிப்பதில்லை, பேசித்தான் அனுப்புவான். ‘‘சனிக்கிழமை காலைல பொன்னேரி ஸ்டேஷனுக்கு வந்துரு மச்சான். ஃபாரம் வாங்கிட்டேன். நீ படி, நான் சொல்றேன், நீயே எழுதிரு. ஒரு நாள் பாடு போனாப் போகுது.’’

லீவு லெட்டர் எழுதிவிட்டேன். மேனேஜர் காரணம் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.