விதையில்லாமல் கடல் கடந்த மரம்

பலாவுக்கு நெருங்கிய உறவு ஈரப்பலா. சீமைப்பலா என்றும் சொல்வார்கள். பலாவைப் போல அடிமரத்தில் காய்க்காது. கிளை நுனியில் காய்க்கும். முற்றிய காயை வெட்டினால் கொட்டை இருக்காது, மாவுச்சத்து நிறைந்த வெண்சதைதான். அதைச் சுடலாம், அவிக்கலாம், தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைக்கலாம். கொட்டையே இல்லாத மரம் பசிபிக் தீவுகளிலிருந்து கரீபியன் வரை எப்படிப் பரவியது?

இதன் மூதாதை நியூ கினியில் வளரும், கொட்டை மலிந்த மரம். அதன் விதைகளைப் பரப்ப வௌவால்கள் இருந்தன. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் படகேறிக் கிழக்கே தீவு தீவாகக் குடியேறியவர்கள், சதை மிகுந்து கொட்டை குறைந்த மரங்களையே தேர்ந்தெடுத்து, வேரில் கிளைக்கும் கன்றுகளைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். கிழக்கே போகப்போக விதை குறைந்தது. தாகித்தி போன்ற தீவுகளில் உள்ள பல வகைகளில் குரோமோசோம்கள் மூன்று தொகுதிகளாக இருப்பதால் விதையே உருவாவதில்லை. மனிதர் நட்டால்தான் அடுத்த மரம்.

1769இல் தாகித்திக்கு வந்த ஆங்கிலேயர் ஜோசப் பேங்க்ஸின் கண்ணில் இது பட்டது. கரீபியன் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கோ, அடிமைகளுக்குப் போட மலிவான உணவு வேண்டியிருந்தது. கன்றுகளைக் கொண்டுவர 1787இல் வில்லியம் பிளையின் தலைமையில் ‘பவுண்டி’ கப்பல் புறப்பட்டது. 1789 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளோடு தாகித்தியை விட்டுக் கிளம்பிய சில வாரங்களிலேயே மாலுமிகள் கலகம் செய்தார்கள். பிளையையும் 18 பேரையும் சிறு படகில் இறக்கிவிட்டு, கன்றுகளைக் கடலில் எறிந்தார்கள். திமோர் வரை படகோட்டி உயிர் பிழைத்த பிளை, ‘பிராவிடன்ஸ்’ கப்பலில் மறுபடி போய், 1793இல் செயின்ட் வின்சென்டிலும் ஜமைக்காவிலும் கன்றுகளை இறக்கினார். அடிமைகளுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. இன்றோ, சுட்ட ஈரப்பலாவும் பொரித்த மீனும் செயின்ட் வின்சென்டின் தேசிய உணவு.

விதையில்லாமை சமையலுக்கு வசதி, பாதுகாப்புக்குச் சிக்கல். நெல்லைப் போல விதை வங்கியில் சேமிக்க வழியில்லை. நடுவதை நிறுத்தினால் ஒரு வகையே அழிந்துவிடும். அதனால்தான் ஹவாயில் உள்ள தேசிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை உயிருள்ள மரங்களாகவே வளர்த்து வருகிறது. அங்கே திரட்டிய வகைகளிலிருந்து திசு வளர்ப்பில் உருவான கன்றுகள் இப்போது பல நாடுகளுக்குப் போகின்றன.