உங்களுக்குத் தெரியுமா?

வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி விட்டு வைத்தால், நேரம் செல்லச் செல்லப் பச்சை மங்கிப் பழுப்பேறும். கீரை பழுதானதால் அல்ல. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. புளியின் அமிலம் அதைக் கழற்றி, அந்த இடத்தில் ஐதரசனை வைத்துவிடுகிறது. சாப்பிட உட்காரும்போது புளி விடுங்கள், பச்சை தப்பும். நம் இரத்தச் சிவப்பிலும் இதேபோன்ற வளையம்தான், நடுவில் மட்டும் இரும்பு.

• அந்தப் பச்சையம் இருக்கும் இடம் பச்சையவுருமணி. குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு அளவுதான். இலையின் ஒரே கலத்துக்குள் பத்துக் கணக்கில் இருக்கும், சிலவற்றில் நூறைத் தாண்டும். சூரிய ஒளியைப் பிடித்து, நீரையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு வெல்லம் ஆக்குவது இதன் தொழில்.

• சிவப்புக் கீரையிலும் பச்சை உண்டு! அவித்துப் பாருங்கள்: சிவப்பு தண்ணீரோடு போக, இலையில் பச்சை தெரியும்.

• ஒளித்தொகுப்பில் வெளிவரும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து வருவதல்ல, நீரிலிருந்து வருவது. பாரமான ஒட்சிசன் கலந்த நீரைப் பாசிக்குக் கொடுத்து, 1941இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் அமெரிக்காவில் இதைக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ஐதரில்லா விடும் குமிழிகளை எண்ணியிருப்பீர்கள். அதே ஐதரில்லாவை வைத்துக் கல்கத்தாவில் ஆராய்ந்த ஜகதீஷ் சந்திரபோஸ், 1924இல் ஒளித்தொகுப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

• பச்சையவுருமணிக்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன், தனித்து வாழ்ந்த நீலப்பச்சைப் பற்றீரியா ஒன்று வேறொரு கலத்துக்குள் புகுந்து அங்கேயே தங்கியதன் வழிவந்தது இது. புகையிலையின் பச்சையவுருமணி டி.என்.ஏ.யை ஜப்பானியர் 1986இல் முழுமையாக வாசித்தார்கள்: ஏறத்தாழ 1,56,000 எழுத்துகள். எனக்கு இதைவிட வியப்பான உயிர்க்கதை இல்லை.

• உச்சி வெயிலில் பச்சையவுருமணிகள் கலத்தின் பக்கச் சுவர்களோரம் ஒதுங்கும். ஒளி குறைந்தால் இலைப் பரப்பை நோக்கிப் பரந்து நிற்கும்.

• ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகள் போகும் வீதியோரம் குடியிருப்பவர்களே, வாசல் குரோட்டன் இலையை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டும் புழுதி ஒளியைத் தடுக்கிறது, இலைவாய்களையும் அடைக்கிறது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.