பேய் வண்டியும் பிள்ளையின் கைவேலையும்

ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கடைத்தெருக்களில் எலும்புக்கூடும் வௌவாலும் தொங்கத் தொடங்கிவிடும். அம்மாதம் 31ஆம் திகதி வரும் ஹாலோவீன் கொண்டாட்டமே இதற்குக் காரணம். பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்குவார்கள். அங்கே பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி மாதிரிக் கார் செய்யும் பொழுதுபோக்குக் கழகங்களும் உண்டு. அக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் மேசை விளக்கின் கீழ் குனிந்திருந்து பிரேத வண்டிகளையும் சவப்பெட்டிக் கார்களையும் உள்ளங்கை அளவில் செய்து போட்டிக்கு வைப்பார்கள்.

"இதென்ன விபரீத விளையாட்டு?" என்று தாய்மார் முகஞ்சுளிக்கக்கூடும். பேய் என்பதற்காக இதனை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். விளையாட்டுத்தானே என்று கவனியாமல் விடவும் வேண்டாம். சற்று நெருங்கிப் பார்ப்போம்.

18 அடி வண்டி எட்டரை அங்குலமானது

1964 முதல் 1966 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'த மன்ஸ்டர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் ஒளிபரப்பானது. பூதம் போன்ற தோற்றமும் நல்ல மனமும் கொண்ட ஒரு குடும்பத்தின் கதை அது. அக்குடும்பத்துக்காக, பழைய ஃபோர்ட் 'மொடல் டீ' காரின் மூன்று உடல்களை இணைத்து 18 அடி நீளத்தில் ஒரு வண்டியைச் செய்தார்கள். தாத்தாவுக்கோ சவப்பெட்டி வடிவில் ஓட்டப்பந்தயக் கார்! ஏஎம்டி என்ற நிறுவனம் இவ்விரண்டையும் வீட்டில் ஒட்டிச் செய்யக்கூடிய மாதிரிகளாக வெளியிட்டது.

இத்தகைய மாதிரிகள் பெரும்பாலும் 25இல் ஒரு பங்கு அளவில் அமைந்தவை. மாதிரியில் ஓர் அங்குலம் என்பது உண்மை வண்டியில் 25 அங்குலம். எனவே 18 அடி வண்டி ஏறத்தாழ எட்டரை அங்குலமாகிவிடுகிறது. தானே ஒரு கதவையோ கூரையையோ புதிதாகச் செய்ய முனையும் பிள்ளை, அளந்து, வகுத்து, வெட்ட வேண்டியிருக்கிறது. கணக்குப் பாடம் கைக்குள் வந்துவிடுகிறது.

துரு சமையலறையில் இருக்கிறது

போட்டிக்கு வருபவர்கள் பெட்டியில் உள்ளதை அப்படியே ஒட்டுவதோடு நிற்பதில்லை. ஒரு வண்டியின் உடலை இன்னொன்றின் சக்கரங்கள் மீது ஏற்றுவார்கள். அறுந்த சங்கிலியின் துண்டு வண்டியின் அலங்காரமாகும். பழைய லேஸ் துணி பிரேத வண்டியின் திரைச்சீலையாகும். மெல்ல இழுத்துப் பிரித்த பஞ்சு சிலந்தி வலையாகும். காய்ந்த தேயிலை, உதிர்ந்த சருகாகும்.

பாழடைந்த தோற்றத்துக்கு உப்பு உதவுகிறது. முதலில் துரு நிறம் பூசிக் காயவிடுவார்கள். பின்னர் ஆங்காங்கே நீர் தொட்டு உப்புத் தூவி, அது காய்ந்து ஒட்டிக்கொண்டதும் மேல் வர்ணத்தை விசிறுவார்கள். வர்ணம் உலர்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், வர்ணம் கழன்று துருப்பிடித்த இடங்கள் போலவே தெரியும். நீர்த்த கறுப்பு வர்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டால் பல வருட அழுக்கும் வந்துவிடும்.

ஆனால் நடுவர்கள் முதலில் பார்ப்பது பேயை அல்ல, அடிப்படை வேலையை. பொருத்து வாய்கள் மறைந்துள்ளனவா? நான்கு சக்கரங்களும் சமமாகத் தரையில் நிற்கின்றனவா? பசை வழிந்த தடம் உண்டா? துருப்பிடித்ததாகக் காட்டும் வண்டியிலும் இவை பிசகக்கூடாது. அழுக்காகக் காட்டுவதற்கும் சுத்தமான வேலை வேண்டும்.

இந்த மேசையில் பெண்பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காத காலமும் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 'ஃபிஷர் பொடி' பிரிவு 1930 முதல் 1968 வரை மாதிரி வண்டிப் போட்டி நடத்திக் கல்விப் புலமைப்பரிசில்களை வழங்கியது. அதில் ஆண்பிள்ளைகள் மட்டுமே பங்குபற்றலாம். லேஸும் பஞ்சும் ஊசியும் கைவந்த பெண்பிள்ளைகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

பசையும் மூச்சும்

பேயைவிட அஞ்சவேண்டிய பொருள் ஒன்று இவ்வேலையில் உண்டு. அதுதான் பசை. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பழைய வகைப் பசைகளில் டொலுயீன் என்ற கரைப்பான் இருந்தது. 1960களில் அமெரிக்கச் சிறுவர்கள் பலர் இதனை முகர்ந்து போதைக்கு ஆளானார்கள். அவ்வாறு முகர்வது மூளையைப் பாதிக்கும், உயிரையும் பறிக்கும். 1969இல் 'டெஸ்டர்ஸ்' நிறுவனம் தன் பசையில் கடுகெண்ணெயின் காரத்தைச் சேர்த்தது. முகர்ந்தவர்களின் மூக்கு எரிந்தது.

ஆகவே பிள்ளை இவ்வேலையில் இறங்கினால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். வர்ணம் விசிறும் வேலை வீட்டுக்கு வெளியே நடக்கட்டும். தூசி பறக்காமலிருக்க அரத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கத்தியைத் தன் உடலுக்கு எதிர்ப்புறமாகவே செலுத்தப் பழக்குங்கள். கர்ப்பிணிப் பெண்கள் கரைப்பான் வாடையிலிருந்து விலகியிருப்பது அவசியம். நீர் கலந்து பூசும் அக்ரிலிக் வர்ணங்களைப் பயன்படுத்தினால் ஆபத்தைக் குறைக்கலாம்.

அச்சம் வேறு, கொடுமை வேறு

இனி மனதைப் பற்றிய கேள்வி. 'ஒரோரா' என்ற நிறுவனம் 1961இல் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் மாதிரியை வெளியிட்டது. அது நன்கு விற்பனையாகவே, சில வருடங்களில் டிராகுலாவும் ஓநாய் மனிதனும் வேடிக்கைக் கார்களில் ஏறி வந்தார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஒட்டினார்கள்.

1971இல் அதே நிறுவனம் வேறொரு வரிசையை வெளியிட்டது. அதில் சித்திரவதைக் கூடமும் தொங்கும் கூண்டும் இருந்தன. அவற்றில் அகப்படுவதற்கென்று ஓர் இளம் பெண்ணின் உருவமும் இருந்தது. அவளுக்கு இட்ட பெயரே 'பலியாள்'. பெற்றோரும் பெண்கள் அமைப்பினரும் பேசாமலிருக்கவில்லை. ஒரோராவை அவ்வருடம் வாங்கியிருந்த நபிஸ்கோ நிறுவனத்தின் தலைமையகத்தின் முன் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த வரிசை கைவிடப்பட்டது.

தாய்மார் மனதில் கொள்ளவேண்டிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பேய் வண்டியில் எவரும் துன்பப்படுவதில்லை. இருட்டுக்கு அஞ்சும் பிள்ளை, தான் அஞ்சும் உருவத்தைத் தானே வெட்டி, ஒட்டி, நிறம் பூசும்போது அதன் உள்ளே பசையும் பிளாஸ்டிக்கும் மட்டுமே இருப்பதைக் காண்கிறது. பயம் அதன் கைக்கு அடங்குகிறது. மற்றதிலோ ஒரு பெண்ணின் வேதனையே விளையாட்டுப் பொருளாகிறது.

எனவே உங்கள் பிள்ளை ஒரு மண்டையோட்டையோ பேய் வீட்டையோ செய்துகொண்டு வந்தால் உடனே பறித்து எறியாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, "இந்த வண்டியில் யார் போகிறார்கள்? எங்கே போகிறார்கள்?" என்று கேளுங்கள். வருகிற கதையில் சிரிப்பு இருந்தால், உங்கள் பெட்டியில் கிடக்கும் பழைய லேஸ் துண்டொன்றை எடுத்துக் கொடுங்கள். கதையில் யாரையாவது வதைக்கும் ஆசை தெரிந்தால், வேலையைச் சற்று நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு ஆறுதலாகப் பேசுங்கள். மகனிடம் கேட்பதையே மகளிடமும் கேளுங்கள். அவளுக்கும் ஒரு கத்தரிக்கோலும் தூரிகையும் மேசையில் ஓர் இடமும் இருக்கட்டும்.