கத்தியைப் பற்றி மரத்திடம் கேட்க வேண்டும்

கத்தியின் கூர் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அளக்க ஐஎஸ்ஓ 8442-5 என்றொரு தரநிலை இருக்கிறது. 5 சதவீதம் சிலிக்கா கலந்த அட்டைகளை அடுக்கி, விளிம்பில் அழுத்தி, கத்தியை 60 முறை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் வெட்டுப்பட்டதோ அதுதான் மதிப்பெண். நேர்மையான சோதனைதான். ஆனால் அட்டையிலுள்ள சிலிக்கா எஃகை அரம்போல் அராவுவதால், அது அளப்பது பெரும்பாலும் தேய்மானத்தை எதிர்க்கும் திறனையே. சிலிக்காவைவிடக் கடினமான வனேடியம் கார்பைடு நிறைந்த எஃகு அங்கே எளிதில் முந்திவிடும். தேக்கு போன்ற சில மரங்களில் சிலிக்கா உண்டு. பைனிலும் பிர்ச்சிலும் அது மிகக் குறைவு. அங்கே விளிம்பு தேய்வதற்கு முன்பே மடங்கிவிடும், அல்லது சில்லு தெறிக்கும்.

மரத்தில் எஃகு மட்டுமல்ல, அலகின் வடிவமும் முக்கியம் என்பதற்கு ஸ்வீடனின் மோரா வட்டாரக் கத்திகள் நல்ல சான்று. எளியவை, விலை குறைந்தவை. அவற்றில் பலவற்றின் அலகு சுமார் 2.5 மி.மீ. தடிப்புதான். இருபுறமும் அகலமான ஒரே தட்டைச் சாய்வு விளிம்பு வரை இறங்குகிறது. உலர்ந்த பைன் குச்சியிலிருந்து, அறுந்து விழாதபடி மெல்லிய சுருள்களைச் சீவி, தீ மூட்டும் கொத்தாக்குவது காட்டுவேலையின் முதல் தேர்வு. தடித்த, குத்துச் சாய்வுள்ள அலகு நாரை ஆப்புபோல் விலக்குகிறது. பிளவு விளிம்புக்கு முன்னே ஓடி, சுருள் பாதியில் முறிகிறது. தட்டைச் சாய்வோ மரத்தின்மேல் படிந்து, ஆழத்தைக் கைக்குள் வைத்திருக்கிறது. எஃகு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும் விளைவு வேறு. பிறகு குறுக்கே பள்ளம் வெட்டி, கணுவில் கத்தியை லேசாகத் திருப்பினால் மெல்லிய விளிம்பின் பலவீனமும் வெளிப்படும். அட்டைச் சோதனையில் பக்கவாட்டு விசைக்கு இடமே இல்லை.

மரத்துக்கு மரம், கைக்குக் கை மாறுமே, இதை எப்படிச் சோதனை என்பது? நியாயமான கேள்வி. எண் ஒன்றைத் தேடினால் இது உதவாது. ஆனால் ஒரே கிளையில், ஒரே கை, இரண்டு கத்திகளை மாற்றி மாற்றிப் பிடித்தால், அவற்றுக்கிடையிலான வேறுபாட்டை நம்பலாம். கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பது வன்முறை, அதைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்பாரும் உண்டு. கோடரி கையில் இருக்கும்வரை அவர்கள் சொல்வது சரி. வேலை முடிந்ததும் விளிம்பை விளக்கொளியில் திருப்பிப் பார்க்க வேண்டும். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். நீளம் முழுவதும் மின்னினால் எஃகையோ அதன் பதத்தையோ சந்தேகிக்கலாம். கணுவைத் தொட்ட இடத்தில் மட்டும் மின்னினால், கோணத்தைச் சற்றே கூட்டித் தீட்டினால் போதும். வேறு கத்தி வாங்கத் தேவையில்லை.