வேலைக்கு ஊதிய சங்கு, உயிருக்கு ஊதவில்லை!

எண்ணூரை எழுப்பியது செல்போனும் பக்கத்து வீட்டுக் கூச்சலும்தான்

வடசென்னைக்காரர்களுக்குச் சங்கு புதிதல்ல. ஒரு காலத்தில் பெரம்பூர் முதல் திருவொற்றியூர் வரை மில் சங்கையும் ஆலைச் சங்கையும் வைத்துத்தான் ஜனங்கள் மணி பார்த்தார்கள். "முதல் சங்கு ஊதியாச்சு" என்றால் சாப்பாட்டுத் தூக்கு தயாராக வேண்டும். வேலைக்குக் கூப்பிடுவதில் சங்கு ஒருநாளும் தவறியது கிடையாது.

ஆனால் உயிருக்கே ஆபத்து வந்த ஒரு நள்ளிரவில் எந்தச் சங்கும் கேட்கவில்லை என்று எண்ணூர் மக்கள் குமுறினார்கள். அந்தக் குமுறல்தான் மாதக்கணக்கில் நடந்த ஒரு போராட்டமாக மாறியது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நள்ளிரவில் ஓட்டம்

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. சுனாமி வந்து போனதற்கு 19 ஆண்டுகள் நிறைந்த நாள். கடலோரக் குப்பங்களில் இறந்தவர்களை நினைத்து அஞ்சலி செலுத்திவிட்டு மக்கள் படுக்கப் போனார்கள்.

இரவு 12 மணியை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலில் இருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. நெடி காற்றில் பரவி வீடுகளுக்குள் புகுந்தது. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. குழந்தைகள் மூச்சுவிட முடியாமல் திணறின.

பெரியகுப்பம், சின்னகுப்பம் மற்றும் அக்கம்பக்கத்து ஊர் மக்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். கிடைத்த ஆட்டோ, கிடைத்த பைக்கில் ஏறித் தப்பினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

யார் சொன்னது?

இத்தனை பேருக்கும் தகவல் சொன்னது யார்? ஆலையும் அல்ல, அதிகாரிகளும் அல்ல என்பதுதான் மக்களின் குற்றச்சாட்டு. முதலில் மூக்கு சொன்னது. அடுத்து பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அதற்கப்புறம் செல்போன் அலறியது.

மக்கள் ஓடும் காட்சிகள் செல்போனில் படமாகி, வாட்ஸ்அப்பில் பறந்தன. விடிவதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. விடிந்ததும் தப்பி ஓடியவர்கள் திரும்பி வந்து ஆலை வாசலில் திரண்டார்கள். ஆலையைத் தற்காலிகமாக மூட அரசு உத்தரவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

மாசு கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த அளவு பொய் சொல்லவில்லை. ஆலை வாசல் அருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. வரம்பு 400 தான். கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. புயலில் நகர்ந்த பாறைகள் மோதிக் குழாய் சேதம் அடைந்திருக்கலாம் என்று நிபுணர் குழு கூறியது. ரூ.5 கோடியே 92 லட்சம் சுற்றுச்சூழல் இழப்பீடு வசூலிக்கவும் பரிந்துரை செய்யப்பட்டது.

100 நாள் பந்தல்

ஆலையை நிரந்தரமாக மூடக் கோரி 33 கிராம மக்கள் போராட்டத்தில் குதித்தார்கள். பெண்கள் வேலையை முடித்துவிட்டுப் பந்தலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். போராட்டம் 100 நாட்களைத் தாண்டியது. உரிய துறைகளின் அனுமதி பெற்ற பிறகே ஆலை இயங்கலாம் என்று 2024 மே மாதம் தீர்ப்பாயம் கூறியது.

கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் பேப்பரில் பேர் வராத சாதாரண மீனவப் பெண் கூட 'கடலடிக் குழாய்', 'தீர்ப்பாயம்' என்று பேசும் நிலை வந்தது. விஷயம் தெரிந்த பிறகு யாரும் சும்மா இருப்பதில்லை!

பழைய கதை

வடசென்னையில் இது வழிவழியாக வரும் சங்கதி. 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்களை ஒன்று சேர்த்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, திரு.வி.க.வின் தமிழ்ப் பேச்சு அவர்களை இழுத்தது. தங்கள் பாஷையில் சொன்னதும் தொழிலாளிக்கு விஷயம் விளங்கியது.

1949 செப்டம்பர் 18-ந் தேதி ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. கொட்டும் மழையிலும் கூட்டம் கலையவில்லை. மைக்கில் அண்ணா பேசியது அடுத்த நாள் டீக்கடைப் பேச்சானது. ஒருத்தர் பேப்பரை உரக்கப் படிக்க, பத்துப் பேர் காது கொடுத்துக் கேட்டார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் அரசியல் தெரிந்தது.

மைக் இருந்த இடத்தில் பின்னாளில் செல்போன் வந்தது. 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு இளைஞர்களைக் கூட்டியது செல்போன்தான். அதே மாதம் 28-ந் தேதி எண்ணூர் அருகே 2 கப்பல்கள் மோதிக்கொண்டன. பாதிப்பு ஒன்றும் இல்லை என்று முதலில் அறிக்கை வந்தது. ஆனால் எர்ணாவூர் கரையில் கறுப்பாக ஒதுங்கிய எண்ணெயை ஜனங்கள் படம் பிடித்துக் காட்டிவிட்டார்கள். வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சியை நாடே பார்த்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

செல்போனை நம்பி மட்டும் உயிரை விட முடியுமா? உண்மை வருகிற அதே போனில்தான் வதந்தியும் வருகிறது. தூக்கத்தில் இருக்கும் பாட்டியை வாட்ஸ்அப் எழுப்பாது.

1984-ல் போபாலில் விஷவாயு கசிந்த இரவில், வெளியே கேட்கும் சங்கைச் சிறிது நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் 1989-ல் அபாய ரசாயன விதிகள் வந்தன. என்ன ஆபத்து வரும், வந்தால் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று ஆலையைச் சுற்றி இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி.

அம்மோனியா கசிந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். காற்று போகும் திசையிலேயே ஓடக்கூடாது. ஓடினால் நெடியும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே விலக வேண்டும். கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஒரு துண்டுப் பிரசுரத்தில் அடங்கிவிடும்.

இதை ரேஷன் கடைச் சுவரில் எழுதலாம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். குப்பத்துக்கு ஒரு சங்கு கட்டி, மாதம் ஒரு தடவை ஊதிப் பார்க்கலாம். இதற்கெல்லாம் கோடி கோடியாகச் செலவாகாது.

ஷிப்டுக்கு நேரமானால் ஊதத் தெரிந்த சங்குக்கு, ஜனங்களின் உயிருக்கு நேரமானால் ஊதத் தெரியாதா? தெருவில் ஓடிய தாய்மார்கள் கேட்ட கேள்வி இதுதான்.

உரியவர்கள் காதில் விழுமா?