வீட்டிலிருந்தே எழுத்து வேலை: கூலியை எப்படிப் பேசுவது?



"பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் இரண்டு மணி நேரம் மிச்சம். எழுதிச் சம்பாதிக்க முடியுமா?" என்று படித்த சகோதரிகள் பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் கதை, கவிதையை நம்ப வேண்டாம். நம் வாசலிலேயே இருப்பது மொழிபெயர்ப்பு.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் ஏராளம். பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் அறிவிப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பாதுகாப்பு அறிவிப்பு, இயந்திரக் கையேடு எல்லாம் தமிழுக்கும் இந்திக்கும் போக வேண்டியவை. வீட்டில் உருது பேசுபவருக்கு இந்திப் பேச்சு அந்நியமல்ல. தேவநாகரி எழுத்தும் தொழிற்சொற்களும்தான் பழக வேண்டும். வால்வைத் 'திற', 'மூடு' என்பது மாறினால் உயிரே போகும். கூகுள் தந்ததை அப்படியே ஒட்டிக் கொடுப்பதை ஹலாலான உழைப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

கூலியைச் சொல் கணக்கில் பேசுங்கள். சொல்லுக்கு 1 ரூபாய், மணிக்கு 250 சொல் என்று வையுங்கள். தினம் 2 மணி, மாதம் 24 நாள் என்றால் 12,000 ரூபாய். அதே உழைப்பைச் சொல்லுக்கு 10 பைசாவுக்கு ஒப்புக்கொண்டால் வெறும் 1,200.

விலை, தேதி, எத்தனை முறை திருத்தம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (அல்பகரா 282) கடனை எழுதி வைக்கச் சொல்வதுதான்.

'பதிவுக் கட்டணம்', 'டெபாசிட்' கேட்பவர் வேலை தருபவரல்ல. பணம் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.